கொட்டாவிக்குத் தடை

ஏசி காற்று பட்டால் எனக்குக் கண்ணும் மூக்கும் சேர்ந்தே ஒழுகும். அப்பாவிடமிருந்து எனக்கு வந்த சொத்து அது ஒன்றுதான். ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணிக் காட்சி முடிந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே தியேட்டர் படியிறங்கினேன். கீழே ஒரு டஜன் மைக் காத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சதுர அட்டை, அதில் ஒரு சேனல் பெயர்.

"ஆன்ட்டி, படம் எப்படி இருக்கு?"

கேட்ட பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. "பரவாயில்லப்பா, ரெண்டாவது பாதிதான் கொஞ்சம் இழுவை. நீ ஏன் வெயில்ல நிக்கிறே, தண்ணி குடிச்சியா?" என்று கேட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

சாயங்காலம் அண்ணன் மகன் ஒரு லிங்க் அனுப்பினான். திறந்தால் என் முகம். கண்ணில் தண்ணீர். மேலே மஞ்சள் எழுத்தில் 'கதறி அழுத தாய்க்குலம்! கலங்கிய தியேட்டர்!' நான் பேசியதில் ஒரு வார்த்தைகூட உள்ளே இல்லை. மூக்கை உறிஞ்சும் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் வயலின் போட்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் நான் 'ஃபேமிலி ஆடியன்ஸ்' ஆகிவிட்டேன். இத்தனைக்கும் படத்துக்கு நான் தனியாகத்தான் போயிருந்தேன்.

இப்படிப்பட்ட எங்களால்தான் தமிழ் சினிமா அழிகிறதாம். 2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம் தியேட்டர்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தது. வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை விடாதீர்கள், முதல் நாள் முதல் காட்சி முடிந்து வருகிறவர்களிடம் கருத்துக் கேட்க அனுமதிக்காதீர்கள் என்று. 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' மூன்றுக்கும் இந்த விமர்சனங்களால் சேதாரமாம். அடுத்த மாதமே இன்னொரு அமைப்பான நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றப் படியேறியது. படம் வெளியாகி மூன்று நாள் வரை இணையத்தில் யாரும் விமர்சனம் போடக் கூடாது என்று உத்தரவு கேட்டது. விமர்சிப்பது கருத்துச் சுதந்திரம், பொத்தாம்பொதுவாகத் தடை போட முடியாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். அரசுகளையும் யூடியூபையும் பதில் மனு போடச் சொன்னார்.

அதென்ன மூன்று நாள் கணக்கு? 1944-ல் வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்த படம். இன்றைக்கு வெள்ளி, சனி, ஞாயிறு. திங்கட்கிழமை காலைக் காட்சிக்கு ஆபரேட்டரும் ஏசியும் மட்டும்தான் வருகிறார்கள். நாலாவது வாரம் ஓடிடி. ஆக, மூன்று நாள் வாயைத் திறக்காதே என்றால், படம் உயிரோடு இருக்கிறவரை வாயைத் திறக்காதே என்று அர்த்தம். முதல் நாள் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றலாம். மூன்றாம் நாள் படத்துக்கே பால் ஊற்றலாம். நடுவில் ஒருவரும் கொட்டாவி விடக் கூடாது.

இந்த மூன்று நாளும் நாங்களும் 'பிளாக்பஸ்டர்' என்று போஸ்டர் ஒட்ட மாட்டோம், இரண்டாம் நாளே சக்சஸ் மீட் வைத்து இயக்குநர் கழுத்தில் தங்கச் சங்கிலி போட மாட்டோம் என்று தயாரிப்பாளர்கள் தங்களுக்கும் சேர்த்து ஒரு தடை கேட்டிருந்தால், அந்த மனுவில் நானே முதல் கையெழுத்துப் போட்டிருப்பேன். கேட்கவில்லையே. விசிலுக்கு லைசென்ஸ் வேண்டாம், கொட்டாவிக்குத்தான் வேண்டுமாம்.

சரி, இணையம் என்ற இந்த ஒலிபெருக்கியை ஊருக்குள் கொண்டுவந்தது யார்? 2011 நவம்பரில் 'கொலவெறி' பாட்டு இணையத்தில் வந்தபோது உலகமே பாடியது. ஸ்டூடியோவில் ஒருவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாடும் வீடியோ அது, வேறொன்றும் கிடையாது. யாரையும் கையைப் பிடித்து இழுத்துவந்து பார்க்கவைக்கவில்லை. அன்றைக்கு நம் சினிமாக்காரர்கள் அதிலிருந்து படித்த பாடம் 'நல்ல பாட்டுப் போட்டால் பரவும்' என்பதாக இருந்திருக்கலாம். படித்ததோ 'நம்பரைக் காட்டினால் போதும்' என்பது.

நம்பர் எப்படி வருகிறது என்பதை என் சமையலறையில் வைத்தே சொல்கிறேன். வத்தக்குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கிறேன். பெருங்காய டப்பா மேல் போன் சாய்ந்திருக்கிறது, அதில் ஒரு பாட்டு ஓடுகிறது. பாட்டுக்கு நடுவே தடாலென்று ஒரு டீசர். பின்னந்தலை, சுருட்டுப் புகை, வெடித்துச் சிதறும் ஜீப். 'ஸ்கிப்' பொத்தான் வருகிறது. இரண்டு கையும் புளித்தண்ணீரில். முழங்கையால் அழுத்திப் பார்த்தால் ஒலிதான் கூடுகிறது. முப்பது விநாடி ஓடிவிட்டது. முடிந்தது கதை. விளம்பரமாக ஓடும் வீடியோவை முப்பது விநாடி ஓடவிட்டால் அது ஒரு 'பார்வை'. மறுநாள் போஸ்டரில் '24 மணி நேரத்தில் இத்தனை கோடி ரசிகர்கள்' என்று இருக்கிறதே, அதில் என் புளிக்கை ஒன்று. என்னைப் போல் சட்டினி அரைத்தவர்கள், குழந்தைக்குச் சோறூட்டியவர்கள், வீடியோவை ஓடவிட்டுத் தூங்கிப்போனவர்கள் எத்தனை லட்சமோ.

இது கிசுகிசு இல்லை. 2019-ல் இந்திப் பாடகர் பாட்ஷாவின் 'பாகல்' 24 மணி நேரத்தில் ஏழரைக் கோடி பார்வை பெற்று உலகச் சாதனை என்று கொண்டாடப்பட்டது. விளம்பரமாகக் காசு கொடுத்து ஓட்டிய பார்வையும் அதில் கலந்திருந்தது. யூடியூப் அதைச் சாதனையாக ஏற்கவில்லை. அந்த செப்டம்பரிலேயே, பாட்டு வீடியோக்களின் 24 மணி நேரச் சாதனைக் கணக்கில் விளம்பரம் வழியாக வரும் பார்வையைச் சேர்ப்பதில்லை என்று விதியையே மாற்றியது. விற்றவனே வெட்கப்பட்டு அளவுகோலை மாற்றிக்கொண்டான். வாங்கியவர்கள் இன்றும் அந்தப் பழைய கோலைத்தான் போஸ்டரில் அச்சடிக்கிறார்கள்.

2021 நவம்பரில் 'பிடிக்கவில்லை' எண்ணிக்கையை யூடியூப் பொதுமக்கள் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. கட்டைவிரலைக் கீழே காட்டலாம், எத்தனை பேர் காட்டினார்கள் என்பது தெரியாது. 2025 ஜூலையில் 'டிரெண்டிங்' பக்கத்தையே மூடிவிட்டது. ஆனாலும் 'டிரெண்டிங் நம்பர் 1' என்று சுவரில் ஒட்டிய பசை காயவில்லை. செத்துப்போன தாத்தா பெயரில் ரேஷன் வாங்குகிற வீடுகள் ஞாபகம் வருகின்றன.

இப்போது அண்ணன் மகன் கதைக்கு வருகிறேன். இன்ஜினீயரிங் முடித்துவிட்டு இரண்டு வருடம் சும்மா இருந்தான். பிறகு 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்' என்று ஒரு சின்ன ஆபீஸில் சேர்ந்தான். ஒரு புதன்கிழமை வீட்டுக்கு வந்தவன் சோபாவில் சாய்ந்துகொண்டு போனில் எதையோ வெட்டி ஒட்டிக்கொண்டே இருந்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு கோப்பு. வரிசை எண் போட்டு நாற்பது விமர்சனங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம். காலை 9.40: 'ஓப்பனிங் சாங் தெறி'. 10.50: 'இண்டர்வெல் பிளாக் மெர்சல், புல்லரிக்குது'. 12.15: 'கிளைமாக்ஸ்ல கண் கலங்கிடுச்சு, அப்பாவைக் கூட்டிட்டுப் போங்க'.

"படம் பார்த்தியாடா?"

"இல்ல அத்தை. படம் வெள்ளிக்கிழமைதானே ரிலீஸ்."

"அப்போ இண்டர்வெல் மெர்சல்னு எப்படிடா தெரியும்?"

"எல்லாப் படத்துலயும் இண்டர்வெல் இருக்கும்ல அத்தை."

இந்தப் பதிலுக்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. அவன் அடுத்த கோப்பைத் திறந்தான். அதே வெள்ளிக்கிழமை வரும் இன்னொரு படம். அதற்கும் நாற்பது வரி. 'ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் லேக்', 'ரிங்டோனா பேக்ரவுண்ட் மியூசிக்கா', 'தலைவலி மாத்திரையோட போங்க'. இது என்னடா என்றால், "அது வேற கிளையன்ட்" என்றான். வேற கிளையன்ட் என்றால் யார்? முதல் படத்துக்காரரேதான், இன்னொரு கம்பெனி வழியாக. இந்தப் பையனுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. 'கோடிகளைக் குவிக்கிறது' என்று ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிறவன் என்னிடம் பெட்ரோலுக்கு இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனான்.

சில சமயம் அவசரத்தில், மேலே இருக்கும் 'கீழ்க்கண்டதை அப்படியே பதிவிடவும்' என்ற வரியையும் சேர்த்து ஒட்டிவிடுவார்களாம். அந்தப் பதிவுக்கும் நானூறு லைக். ஒருத்தரும் படிப்பதில்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

இவனாவது கூலிக்குச் செய்கிறான், அந்தக் கூலியும் வரவில்லை என்பது வேறு விஷயம். கூலியே கேட்காமல் செய்கிற ஒரு ரசிகர் பட்டாளம் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு 'டேக்' வெளியீடு, நடிகரின் பிறந்தநாளுக்கு ஐம்பது நாள் முன்பே 'காமன் டிபி' வெளியீடு. 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் டெஸ்ட் மேட்ச். எல்லைக்கோட்டருகே நின்ற இங்கிலாந்து வீரர் மொயின் அலியிடம் நம்ம ஆள் 'வலிமை' படத்துக்கு அப்டேட் கேட்டான். அவர் பாவம், அது என்ன வியாதியோ என்று நினைத்திருப்பார். அப்போது நானும் சிரித்தேன். ஆனால் 2019 ஜூலையில் நடந்ததைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. உயிரோடு, கல்லுக்குண்டாக நடமாடும் ஒரு நடிகருக்கு எதிரணி ரசிகர்கள் இரங்கல் ஹாஷ்டேக் போட்டு அதை நாடு முழுக்க டிரெண்டாக்கினார்கள். பெற்ற தாய் அதைப் படிக்கக்கூடும் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், 'டிரெண்டிங்' என்று வந்தால் தாயாவது பிள்ளையாவது.

2023 ஜனவரி 11, நள்ளிரவு ஒரு மணிக்கு 'துணிவு' முதல் காட்சி, நாலு மணிக்கு 'வாரிசு'. கோயம்பேட்டில் லாரி மேல் ஏறி ஆடிய ஓர் இளைஞன் விழுந்து செத்தான். அந்தப் பொங்கல் முழுக்க இணையத்தில் ஓடிய சண்டை எதைப் பற்றி? எந்தப் படம் முதலிடம் என்பதைப் பற்றி. அந்தப் பையன் எந்தக் கணக்கிலும் வரவில்லை. வருவதென்றால் வாங்கிய ஒரு டிக்கெட்டாக வந்திருப்பான்.

அதற்குப் பிறகு இங்கே விடியற்காலைக் காட்சிகள் நின்றுபோய் ஒன்பது மணிக்குத்தான் முதல் காட்சி. கேரளத்தில் நாலு மணிக்கே உண்டு. 'லியோ'வுக்கு நம் பையன்கள் வண்டி கட்டிக்கொண்டு பாலக்காடு போனார்கள். ஆகவே இங்கே நாம் காபி டம்ளரை எடுப்பதற்குள் போனில் கதை, கிளைமாக்ஸ், கடைசியில் தலைகாட்டும் கௌரவ நடிகர் எல்லாம் வந்துவிடுகிறது. நாயகன் அறிமுகக் காட்சியையே போனில் படம்பிடித்து ஏற்றுகிறார்கள். 2023-ல் திருத்திய சினிமாட்டோகிராப் சட்டப்படி தியேட்டரில் படம்பிடிப்பது மூன்று மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறைக்குரிய குற்றம். குறைந்தபட்ச அபராதமே மூன்று லட்சம். ஆனால் வீடியோவில் விசில் சத்தம் இருந்தால் நாயகனின் ரசிகர் பக்கங்கள் அதை 'சும்மா கிழி' என்று பகிரும். விசில் இல்லாவிட்டால்தான் அது திருட்டு.

விமர்சகர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இண்டர்வெல் பாப்கார்ன் வரிசையிலேயே தீர்ப்பு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நடிகையின் உடம்பைப் பற்றிப் பேசுவதையே விமர்சனம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கவர் வந்தால் நாலு நட்சத்திரம், வராவிட்டால் ஒன்றரை என்று வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்களுக்குக் கவர் கொடுத்துப் பழக்கியது எந்தக் கைகள் என்று அந்த மனுவில் ஒரு பத்தி இருந்திருந்தால் படிக்கச் சுவையாக இருந்திருக்கும்.

'கங்குவா'வையே எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பர் 14 அன்று வந்தது. காதைப் பிளக்கிறது என்று முதல் காட்சி பார்த்தவர்கள் கதறினார்கள். ஆஸ்கர் வாங்கிய ஒலிக்கலைஞர் ரசூல் பூக்குட்டியே இந்த இரைச்சலைப் பற்றி வருந்தி எழுதினார். என்ன நடந்தது? ஒலியைக் குறைத்து வைக்கும்படி தயாரிப்பாளரே தியேட்டர்களுக்குச் சொன்னார். விமர்சனம் வேலை செய்தது! மூன்று நாள் வாய்ப்பூட்டு மட்டும் அன்று இருந்திருந்தால், சனிக்கிழமை இரவு வரை வந்த அத்தனை காதுகளும் பாழ்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1999 டிசம்பரில் 'சேது' வந்தபோது சீண்ட ஆளில்லை. பார்த்த நாலு பேர் நாற்பது பேரிடம் சொல்லி, வாய்வழியாகவே தியேட்டர் நிரம்பிய படம் அது. 2025 மே 1 அன்று சூர்யாவின் 'ரெட்ரோ' வந்த அதே நாளில், புது இயக்குநர் ஒருவரின் 'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் வந்தது. பெரிய படத்துக்குப் பக்கத்தில் நசுங்கிப்போக வேண்டியதை 'நல்லா இருக்கு, போய்ப் பாருங்க' என்று தூக்கி நிறுத்தியது இதே வாய்தான். சின்னப் படத்துக்காரர் ரிலீஸுக்கு முன்பே விமர்சகர்களைக் கூப்பிட்டு, சமோசா கொடுத்து, எழுதுங்கள் சாமி என்று கெஞ்சுகிறார். பெரிய படத்துக்காரர் நீதிமன்றத்தில் நிற்கிறார். எல்லார் வாயையும் மூன்று நாள் தைத்தால் பெரிய படம் போட்ட காசை எடுத்துவிடும், சின்னப் படம் மூச்சு முட்டிச் சாகும். அதுதான் வேண்டும் என்றால் அதையே மனுவில் எழுதிவிடலாம். பக்கமும் குறையும்.

வாயைக் கட்ட முடியவில்லை என்றதும் படத்தையே மாற்றும் வித்தையும் வந்துவிட்டது. 2013-ல் வந்த 'ராஞ்ஜனா', தமிழில் 'அம்பிகாபதி'. கடைசியில் நாயகன் செத்துப்போவான். 2025 ஆகஸ்ட் 1 அன்று உரிமை வைத்திருந்த ஈராஸ் நிறுவனம் அதைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு திருத்தி, செத்தவன் கண் திறப்பதாகத் தமிழில் மறுபடி வெளியிட்டது. இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் ஆட்சேபித்தார்கள். ஆட்சேபித்து என்ன, பிணம் எழுந்து உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். இனி 'சேது'வில் அபிதா பிழைத்துக்கொள்வாள். 'மூன்றாம் பிறை'யில் ரயில் பின்னோக்கி வந்து ஸ்டேஷனில் நிற்கும். 'தேவதாஸு'க்குப் பார்வதி வீட்டு வாசலிலேயே ஆம்புலன்ஸ். முடிவு பிடிக்கவில்லை என்று நாம் சொன்னால் குற்றம், அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் தொழில்நுட்பம்.

கடைசியாக வசூல். நீளமாகப் பேச அதில் ஒன்றும் இல்லை, ஏனென்றால் உண்மைக் கணக்கை ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. தென் கொரியாவில் அரசின் திரைப்பட அமைப்பு கோபிஸ் என்ற தளத்தில், நேற்று எந்தப் படத்துக்கு எத்தனை பேர் போனார்கள் என்று தலை எண்ணிப் போடுகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இங்கேயும் ஒவ்வொரு தியேட்டரிலும் தினமும் டிசிஆர் என்ற வசூல் அறிக்கை எழுதுகிறார்கள். அது விநியோகஸ்தர் மேஜையைத் தாண்டி வெளியே வராது. வெளியே வருவது டிராக்கர் என்று தன்னைத்தானே அழைத்துக்கொள்பவர் போடும் கோடி. ஒரே படம், ஒரே நாள், நாலு டிராக்கர், நாலு தொகை. காய்கறிக்காரரிடம் இப்படிக் கணக்குக் கேட்டால் தராசைத் தூக்கி நம் தலையில் போடுவார்.

போன வியாழக்கிழமை ராத்திரி அண்ணன் மகன் போன் செய்தான்.

"அத்தை, நாளைக்குக் காலைல படத்துக்குப் போறீங்களா?"

"போறேன். ஏன்டா?"

"போனா வெளிய வர்றப்ப மைக்காரங்ககிட்ட எதுவும் பேசிடாதீங்க."

"ஏன், உங்க கோர்ட்டு உத்தரவா?"

"இல்ல அத்தை. உங்களுக்கு ஏசி ஒத்துக்காதுல்ல. அழுதீங்கன்னு போட்டுடுவாங்க." கொஞ்சம் தயங்கினான். "இந்த வாரம் நான் நெகட்டிவ் டீம்."